கை எட்டாத வில்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஜெயமலர் வெந்நீர்ப் பையை வலது தோளில் வைத்துக்கொண்டு குசினிக் கதிரையில் உட்கார்ந்தாள். முன்னறையில் கணவர் செல்வராசா, சோபாவில் சாத்தியிருந்த புது வில்லைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மலர், கெதியா வெளிக்கிடும். இண்டைக்கு நீர் அம்பு விடுறதைத் தாரகனுக்குக் காட்டோணும்."

தாரகன் செல்வராசாவின் சித்தப்பா மகன். கனடாவில் மான் வேட்டைக்குப் போகிறவன். அவனிடம் இருப்பது பெயர்போன ஒரு மார்க் கம்பவுண்ட் வில். அதே மார்க்கில் அதே வில்லைத்தான் செல்வராசா மனைவியின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு இணையத்தில் எடுப்பித்தார். ஜெர்மனியில் அவர்கள் வாழும் கார்ல்ஸ்ரூஹே நகரில் மண்டபம் பிடித்து, மைக்கில் மார்க்கின் பெயரைச் சொல்லி, எல்லோரும் கைதட்டக் கொடுத்தார். நம்மவர் சங்கதி தெரிந்ததுதானே! காரென்றாலும் சரி, கறிச்சட்டியென்றாலும் சரி, சொந்தக்காரர் ஒருவர் வாங்கினால் பிறகு எல்லோர் வீட்டிலும் அந்த மார்க்தான். யாருக்கு, எதற்கு என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஜெர்மனியில் வில்லால் வேட்டையாடச் சட்டம் விடாது. ஜெயமலர் சேர்ந்திருந்த வில்வித்தைச் சங்கத்தில், காட்டுக்குள் நிறுத்திய நுரைப்பஞ்சுப் பன்றிகள்மேலும் மான்கள்மேலும்தான் அம்பெய்வார்கள். தாய் செத்த பிறகு நித்திரையில்லாமல், யாரோடும் பேசப் பிடிக்காமல் கிடந்தவளை, முதியோர் இல்லத்தில் அவளோடு வேலை செய்யும் மக்டலீன்தான் அங்கே இழுத்துப்போனாள். சங்கத்து இரவல் வில்லோடு ஜெயமலர் ஒரு வருஷம் அம்பெய்தாள். மனுசி பழையபடி சிரிக்கத் தொடங்கியது அந்தக் காட்டுக்குள்தான். புது வில் வந்தபின் அந்தச் சிரிப்பும் நின்றுவிட்டது, பாவம்.

கம்பவுண்ட் வில்லின் இரு முனையிலும் உருளைகள் இருக்கும். நாணை முழுக்க இழுத்துவிட்டால் கையில் ஏறும் பாரம் இளகிவிடும். நிதானமாகக் குறி பார்க்கலாம். ஆனால் எவ்வளவு தூரம் இழுக்க வேண்டும் என்பது வில்லிலேயே அமைந்த அளவு. தாரகன் ஆறடிக்காரன். ஜெயமலர் அவன் நெஞ்சுயரம்தான் வருவாள். எவ்வளவுதான் திருகிக் குறைத்தாலும், பாரம் இளகும் இடம் அவள் கை எட்டாத தூரத்திலேயே இருந்தது; முழுப் பாரமும் தோளில் விழுந்தது. மண்டபமே கைதட்டிய பரிசைச் சரியில்லை என்று எந்த வாயால் சொல்வது? நோவை மறைத்து மறைத்து, கடைசியில் சங்கத்தையே விட்டுவிடுவதென்று மனதுக்குள் முடிவெடுத்திருந்தாள்.

காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மக்டலீனும் அங்கே நின்றாள். செல்வராசா தாரகனை வீடியோ அழைப்பில் பிடித்தார். ஜெயமலர் நாணை இழுத்தாள். பாதி தூரத்திலேயே தோள் நொந்தது. முனகலோடு மெல்லத் தளர்த்திவிட்டாள்.

"கொஞ்சம் பலமா இழுமன். தம்பி பாத்துக்கொண்டு நிக்கிறான்."

அவள் வில்லைக் கீழே வைத்தாள். கண் கலங்கிவிட்டது.

"எனக்கு ஏலாது, இஞ்சேருங்கோ. வில்லு வந்த நாள் துவக்கம் தோள் நோகுது. நீங்கள் ஆசையா வாங்கினதெண்டு வாய் திறக்கேல்லை. இண்டையோட இதை விடுறன்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"மண்டபத்திலை அவ்வளவு சனத்துக்கு முன்னாலை மைக்கிலை பேர் சொல்லித் தந்தீங்கள். நான் என்னெண்டு சொல்லுறது?"

செல்வராசாவின் முகம் சுருங்கிப்போயிற்று. தம்பியின் வில்லைப் பார்த்து உதவாத மார்க்கை வாங்கிவிட்டேனா என்று பக்கத்தில் நின்ற மக்டலீனிடம் ஜெர்மனில் கேட்டார்.

"அருமையான வில். ஆனால் உங்கள் தம்பிக்கு," என்றாள் மக்டலீன். "இதே மார்க்கிலும் இவளுக்குப் பொருந்துவது இருக்கலாம். இழுத்துப் பார்க்காமல் யாருக்குத் தெரியும்?"

அவள் சங்க அறையிலிருந்து மூன்று விற்களை எடுத்து வந்தாள். மூன்றிலும் மார்க்கின் பெயர் கறுப்பு நாடாவால் மூடப்பட்டிருந்தது. வில் தெரிவு செய்ய வருகிறவர்கள் பெயர் பார்க்காமல் எய்து பார்க்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஜெயமலரைக் கைகளை விரித்து நிற்கச் சொல்லி அளந்தாள். அந்த அளவுக்கு விற்களைத் திருத்தி, பாரத்தையும் நன்றாகக் குறைத்துக் கொடுத்தாள்.

முதலாவது வில் தூக்கவே பாரமாக இருந்தது. இரண்டாவது, அம்பை விடும்போது கையை உதறியது. மூன்றாவதை இழுத்தபோது நாண் கன்னத்தோரம் வந்து அமைதியாக நின்றது. தோள் நோகவில்லை. அம்பு நுரைப்பன்றியின் நெஞ்சில் போய்க் குத்தி நின்றது. ஜெயமலர் வாய்விட்டுச் சிரித்தாள்.

மண்டபத்தில் பரிசு வாங்கியபோது அவள் இப்படிச் சிரிக்கவில்லை என்பது செல்வராசாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"அண்ணை, அண்ணி அடிச்சிட்டா!" கைபேசியில் தாரகன் கத்தினான். "அது என்ன மார்க்?"

செல்வராசாவின் விரல் நாடாவின் நுனியைக் கிளப்பப் போனது. பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

"தெரியாதடா. மலரின்ரை கைக்கு அளவாயிருக்கு, அது போதும். நான் உன்ரை வில்லின்ரை பேரைத்தான் கேட்டனான். இவவின்ரை கையை ஒருக்காலும் பாக்கேல்லை. ஊருக்குக் காட்டப் பேர் பாத்து வாங்கினால், பாவிக்கிற ஆளுக்குத்தானடா நோகும்."