கறுத்த பல்

சண்டை ஓய்ந்ததும், வெட்டிய தலைகளைக் கோட்டைக்குள் கொண்டுவந்து குவித்தார்கள். தலைவர் பார்வையிடுவதற்கு முன் அவற்றைக் கழுவி, முடி வாரி வைப்பது பெண்கள் வேலை. சயோவுக்கு இப்போதெல்லாம் கை தன்பாட்டுக்கு ஓடியது. மதியம் அதே கையால் சோற்றுருண்டையும் தின்றாள்.

ஜின்னை என்ற காலாள் ஒரு தலையைக் கொண்டுவந்து நீட்டினான்.

"அக்கா, இதுக்குப் பல்லுல கொஞ்சம் மை பூசிவிடேன். கறுத்த பல்லுன்னா பெரிய எடத்து ஆளுன்னு நெனைப்பாங்க. எனக்கும் ஒரு குதிரை கெடைக்கும்."

"உன் மூஞ்சிக்குக் குதிரை ஒண்ணுதான் கொறச்சல்."

ரத்தத்தைத் துடைத்த பிறகுதான் முகம் தெரிந்தது. அவள் தம்பி மொசுகே. ஆற்றுக்கு அக்கரையில் முள்ளங்கி போட்டுக்கொண்டிருந்தவன். அந்தப் பக்கத்துப் பிரபு கையில் ஈட்டியைத் திணித்து இழுத்து வந்திருப்பான்.

"என்னக்கா, தெரிஞ்ச ஆளா?"

"இல்ல."

வெள்ளைப் பல் தலைகளை மதிலுக்குப் பின்னால் குழியில் கொட்டிவிடுவார்கள். சயோ மையை எடுத்து, ஒரு பல் விடாமல் பூசினாள். காய்ந்ததும் இன்னொரு தடவை பூசினாள்.

அந்தக் கறுத்த பல்லைப் பார்த்ததும் தலைவர் எழுந்து நின்று, "மாவீரன்" என்று கைகூப்பினார். செத்தவன் பேர் கேட்டதற்கு ஜின்னை வாய்க்கு வந்ததைச் சொன்னான். அந்தப் பேரைப் பொறித்துக் கல்லும் நட்டார்கள்.

அதன்பிறகு வருஷாவருஷம் தலைவர் வீட்டார் வந்து அந்தக் கல்லின்மேல் அரிசி மதுவை ஊற்றிக் கும்பிட்டார்கள். சயோவும் கூட்டத்தோடு நின்று கும்பிட்டாள்.

மொசுகேவுக்கு அந்த வாடையே ஆகாது.