வெள்ளைமுடி வீரனுக்காக ஓர் அறை

டோக்கியோவில் தங்க, கார்ட்டூன் கடைகள் மொய்க்கும் இகெபுகுரோ பகுதிதான் வேண்டும் என்று மிட்சுயே அடம்பிடித்தாள். "அறுபது வயசுல பொம்மைக் கடை வாசல்ல குடியிருக்கணுமா?" என்று கணவர் தெத்சுரோ முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்.

பிரித்தால்தான் எந்தக் கார்ட்டூன் பாத்திரத்தின் முகம் என்று தெரியும் பேட்ஜ் உறைகளைக் கடை கடையாக வாங்கிப் பிரித்தாள். எதிலும் அவளுக்குப் பிடித்த வெள்ளைமுடி வீரன் இல்லை. வேறொருவனே நாலு தடவை வந்தான். முட்டி வலியோடு அறைக்குத் திரும்பிப் படுத்தாள். விழித்தபோது கணவரையும் காணோம், அந்த நாலு பேட்ஜையும் காணோம்.

ஜன்னலைத் திறந்தாள். கீழே பூங்காவில், தங்களுக்குள் பேட்ஜ் மாற்றிக்கொள்ளும் பெண்பிள்ளைகள் நடுவே, 'வெள்ளைமுடி தேவை' என்று கொட்டை எழுத்தில் எழுதிய அட்டையை நெஞ்சோடு பிடித்து அவர் நின்றிருந்தார். மிட்சுயேவுக்குக் கண் நிறைந்தது.

திரும்பி வந்தவரிடம், "கிடைச்சுதாங்க?" என்றாள்.

"இல்ல. நாளைக்குக் கொண்டுவர்றேன்னு ஒரு பொண்ணு சொல்லியிருக்கா. ரூமை இன்னொரு நாளைக்குச் சேர்த்துக் கேளு."