குட்டியில்லாத மடிகள்

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் பன்றிக் கொட்டகை. தாய்ப்பன்றிகள் ஆறு. ஆறும் சினை என்றுதான் நானும் என் வீட்டுக்காரர் அந்தோணி பிரபுவும் இருந்தோம். பருவத்துக்கு வரவில்லை, வயிறு இறங்கியது, மடி விட்டது. வேறென்ன சாட்சி வேண்டும்?

எனக்கும் மூன்று மாதம் தள்ளிப்போயிருந்தது. முன்பு இரண்டு முறை அவசரப்பட்டு ஊருக்கெல்லாம் சொல்லி, இரண்டும் தங்கவில்லை. வயிறு வெளியே தெரியும்வரை ஆஸ்பத்திரிப் பக்கம் போவதில்லை என்று இந்த முறை ஒற்றைக்காலில் நின்றேன். அவரோ கோயிலில் தொட்டில் கட்டிவிட்டே வந்துவிட்டார்.

நாள் கடந்தும் பன்றிகள் ஈனவில்லை. ஒரு மத்தியானம் பெரியது வைக்கோலை இழுத்துப் படுக்கை போட்டு, ஒருக்களித்துப் படுத்து, குட்டிகளைப் பாலுக்குக் கூப்பிடும் உறுமலைத் தொடங்கியது. மற்ற ஐந்தும் படுத்துக் கூப்பிட்டன. காம்புகளில் பால் சொட்டியது. குடிக்க ஒரு குட்டியும் இல்லை.

விழுப்புரத்திலிருந்து கால்நடை டாக்டர் சீனுவாசன் வந்து ஸ்கேன் பார்த்தார். ஆறு வயிறும் காலி. தீவன மூட்டையில் கைவிட்டு மக்காச்சோளத்தை அள்ளினார். புயல் மழையில் நனைந்ததை ரோட்டில் காயப்போட்டு எடுத்து வைத்திருந்தோம். இளஞ்சிவப்பு ஏறியிருந்தது. பூஞ்சை என்றார். நல்ல நிறம் என்று மெச்சிய புத்திசாலி நான்தான்.

பன்றிக் கரு தானே ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரந்து, 'நான் இருக்கிறேன்' என்று தாய்க்குச் சேதி அனுப்புமாம். இந்தப் பூஞ்சையின் விஷமும் அதே சேதியைச் சொல்லுமாம். வேளை தவறிச் சொன்னால் கரு கரைந்துபோகும். தாயின் உடம்பு மட்டும் அந்தச் சேதியை நம்பிச் சுமந்துகொண்டிருக்கும்.

"எல்லாத்தையும் கொட்டிடுங்கம்மா. மனுசங்க யாரும் சாப்பிடலியே?"

கிறிஸ்துமஸிலிருந்து அந்த மக்காச்சோள மாவில்தான் எனக்கு அடை. புளிப்பில்லாமல் இதமாக இருக்கிறதென்று நான் மட்டும் தின்றேன். பிரபுவின் முகம் வெளுத்துவிட்டது.

டாக்டர் போனதும் பிரபு வண்டிச் சாவியை எடுத்தார்.

"ஜாக்குலின், கெளம்பு. இப்பவே ஸ்கேன் எடுத்துக்கினு வந்துடலாம்."

"நாளைக்குப் போலாங்க," என்றேன். இன்னும் ஒரே ஒரு நாள் எனக்கு வேண்டியிருந்தது.

உள்ளே பன்றிகள் மறுபடியும் கூப்பிடத் தொடங்கின. மார்பில் என் ரவிக்கை நனைந்தது.