அலையில் ஒரு முள்

நானூற்றுப் பன்னிரண்டு மணி நேரம், பத்தொன்பது நிமிடம். அதற்கு மேல் அந்தப் பவர் சப்ளை ஓடவில்லை. சத்தமில்லாமல் நின்றுபோனது.

சோதனை மேசையில் இருந்தவள் தேநீர் டம்ளரைக் கீழே வைத்தாள். பட்டறையில் எல்லோரும் அவளை வாயில்லாப்பூச்சி என்பார்கள். கூப்பிட்டால் நிமிர்ந்து பார்ப்பாள், கேட்டால் தலையாட்டுவாள், அதோடு சரி.

மூச்சுத் திணறுகிறவர்களுக்கு வீட்டிலேயே ஆக்சிஜன் தரும் பெட்டிகளை அங்கே செய்கிறார்கள். நின்றுபோன பவர் சப்ளை அப்படி ஒரு பெட்டிக்குள் இருந்தது. சோதனைக்கென்று கட்டிய முதல் பத்தில் ஒன்று; அலாரம்கூடப் பொருத்தாதது. மற்ற ஒன்பதும் அலமாரியை விட்டு நகரவில்லை. இதை மட்டும், போர்டுகளில் ஈயம் பற்றவைக்கும் சால்டர் அக்கா தன் அம்மாவுக்காகக் கேட்டு வாங்கிப் போயிருந்தாள்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பகலில், மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இருபது நிமிடத்தில் அக்கா இறங்கி வந்தபோது பெட்டி அணைந்து கிடந்தது. அம்மாவும் போய்விட்டிருந்தாள். அக்கா பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகினாள். பெட்டி உடனே ஓடியது.

அதனால்தான் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. பிளக்கைச் சரியாகச் செருகாமல் விட்டது தான்தான். அவளுடைய அண்ணனும் அதையே சொல்லிப் பேச்சை நிறுத்திவிட்டான். "பெட்டியில ஒரு கோளாறும் இல்ல, வேற யாருக்காவது குடுங்க" என்று அவளே கொண்டுவந்து வைத்தாள்.

வாயில்லாப்பூச்சி யாரிடமும் சொல்லாமல் அதை எடுத்துத் தன் மேசையில் ஓடவிட்டாள். ஓடட்டும், நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்று தினமும் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள். பதினெட்டாம் நாள் நின்றது.

பிளக்கைப் பிடுங்கிச் செருகினாள். ஓடியது.

அந்தப் பவர் சப்ளைக்குள் ஒரு சுவிட்ச் நொடிக்கு லட்சம் தடவை திறந்து மூடும். எவ்வளவு கரண்ட் போகிறது என்பதை அரிசி அளவு ரெசிஸ்டர் ஒன்று கண்ட்ரோல் சிப்புக்குச் சொல்லும். அளவு மீறினால், எங்கோ ஷார்ட் என்று எடுத்துக்கொண்டு சிப் மொத்தத்தையும் நிறுத்திவிடும். பிளக்கைப் பிடுங்கிச் செருகும்வரை விடாது. அந்தச் சுவிட்ச் ஒவ்வொரு தடவை மூடும் கணத்திலும் கரண்ட் அலையில் பொய்யாக ஒரு முள் எழும். அதைக் கண்டு ஏமாறாமல் இருக்க, அந்தக் கணம் மட்டும் சிப் கண்ணை மூடிக்கொள்ளும். இந்த போர்டில் சூடு ஏறினால், சிப் கண்ணைத் திறந்த பிறகும் முள் போகாமல் நின்றது. அலையைப் படமாகக் காட்டும் ஆசிலாஸ்கோப் திரையில் இப்போது அது உறைந்திருந்தது.

அந்த முள் அவளுக்குப் புதிதல்ல. ஏழு மாதத்துக்கு முன் இதே திரையில் பார்த்திருந்தாள். முதல் பத்துப் பெட்டிகளை முடித்துக் கொடுத்தாக வேண்டிய நாள் அது. அளக்கும் புரோபின் நீளமான எர்த் கம்பி இல்லாத முள்ளைக்கூடக் காட்டும். இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கம்பியைக் கழற்றி, குட்டை ஸ்பிரிங்கைப் போட்டு, முள் நிஜமா என்று மறுபடி பார்க்க ஐந்து நிமிடம் போதும். அவள் பார்க்கவில்லை. 'புரோபால் வந்த பிழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்தத் தாள் மேசை இழுப்பறையில் இருந்தது.

சாயங்காலம் கிளம்பும்போது ஒவ்வொரு மேசையாகப் போய்ப் பிளக்குகளை அழுத்திப் பார்ப்பது இப்போது அக்காவின் வழக்கம்.

"அக்கா, என் பிளக்குக்கும் நாடி பாத்துட்டுப் போங்க" என்றான் பேக்கிங் செய்கிறவன்.

"முதல்ல ஒனக்கு நாடி இருக்கான்னு பாருடா" என்றபடி இந்த மேசைக்கு வந்தாள். "என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"உக்காருங்கக்கா."

"நீயா வாயத் தொறந்துட்ட. இன்னைக்கு மழைதான்."

"இது உங்க பெட்டி. இன்னைக்குத் தானா நின்னுச்சு. பிளக்கைப் பாருங்க, ஆடாம டேப் போட்டு ஒட்டியிருந்தேன். நின்னப்புறம்தான் பிரிச்சேன்."

பிளக்கின் ஓரத்தில் தொங்கிய டேப்பை அக்கா விரலால் தடவினாள். "அப்ப அன்னைக்கு?"

"அன்னைக்கும் இதேதான். நீங்க பிடுங்கிச் செருகினதும் சிப் மறுபடி வேலை செஞ்சுது. அவ்வளவுதான். பிளக் லூசா இல்லக்கா." திரையைக் காட்டினாள். "இந்த முள்ளு."

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சால்டர் சுட்ட தழும்புகள் நிறைந்த தன் இரண்டு கைகளாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் அதன்பாட்டுக்கு வழிந்தது.

"ரெண்டு மாசமா இந்தக் கையை வெட்டிப் போட்டுடலாம்னு இருந்துச்சுடி. அண்ணன்கிட்ட நீயே சொல்றியா? நான் சொன்னா நம்ப மாட்டான்."

"சொல்றேன்."

"நீ நல்லா இருக்கணும்." மூக்கை உறிஞ்சினாள். "யார் கண்ணுலயும் படாம உள்ள ஒளிஞ்சிருந்திருக்கு, பாவி முள்ளு. தெரியாததுக்கு யாரைச் சொல்லி என்ன?"

அதோடு விட்டிருக்கலாம். அக்கா எழுந்துகொள்ளப் போனாள். வாயில்லாப்பூச்சி கையை விடவில்லை.

"எனக்குத் தெரியும்க்கா. ஏழு மாசம் முன்னாடியே பாத்தேன். புரோப் தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான்."