கார்ல் ஆடமாட்டான்

1

மனிதகுலத்தின் ஆகப் பெரிய கண்டுபிடிப்பு, மூடிய ஜன்னல். நெருப்பும் சக்கரமும் அதற்கு அடுத்த படியில்தான். இதை நிறுவவே இக்கதை எழுதப்படுகிறது.

பிறந்த கதையையும் மறைப்பானேன். இதை எழுதும் ஆசிரியன் யோரிஸ், நெதர்லாந்திலிருந்து படிக்க வந்தவன். ஸ்பெயினில் ஒரு சின்ன ஊரின் சதுக்கத்தைப் பார்த்த மாடியில் குடியிருக்கிறான். ஆகஸ்ட் பிறந்தால் ஊர்த் திருவிழா. மதியத் தூக்கம் கண்ணைச் சுழற்றும் வேளையில் பாண்டு வாத்தியக்காரர்கள் அவன் தலைமாட்டுக்கே வந்து ஊதுவார்கள். ஆக, இது எரிச்சலில் பிறந்த கதை. எரிச்சலில் பிறந்த பிள்ளையைப் போல இதுவும்... (உவமை கைவிடப்பட்டது.)

2

முதல் தொடக்கம்: 'கார்ல் ஜன்னலைச் சாத்தினான்.'

இரண்டாம் தொடக்கம்: 'கார்ல் ஜன்னலை ஓங்கிச் சாத்தினான்.'

இரண்டாவதே தேவலை. கார்ல்தான் நாயகன். அயல்நாட்டான், நியாயஸ்தன், இன்னும் முகம் கிடைக்கவில்லை.

வாசகர் இதற்குள் முடிவைக் கட்டியிருப்பார்: கார்ல் மனமிளகிக் கீழே இறங்குவான், யாரோ கையில் ஒயினைத் திணிப்பார்கள், ஊரோடு ஊராக ஆடுவான். மாட்டான். பிழைக்கப் போன இடத்தில் எல்லாரும் கடைசிப் பத்தியில் ஆடியே தீரவேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

3

பக்கத்து பால்கனியிலிருந்து ஹசிந்தா எட்டிப் பார்த்தாள். பல் மருத்துவர். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

"என்ன தம்பி, இன்னும் அந்த ஜன்னல் சாத்துறவன் கதைதானா?"

"ஆமாக்கா."

"அவனுக்குப் பல்லாவது ஒழுங்கா இருக்கா?"

"அதெல்லாம் எழுதல."

"எழுதாதே. இன்னிக்கு நீதான் தண்ணி ஊத்தணும்."

(அடிக்குறிப்பாக வந்திருக்க வேண்டியது: வாத்தியக்காரர்கள் பால்கனிக்கடியில் நின்று தண்ணீர் கேட்பார்கள். மேலேயிருந்து ஒரு வாளி கொட்டினால் நனைந்து கூத்தாடிவிட்டு நகர்வார்கள். எந்தச் சதுக்கத்தில் ஒருவரும் ஊற்றவில்லையோ, மறுவருஷம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். அவர்கள் ரோஷம் அப்படி.)

"மத்த வீட்டுக்காரங்க இல்லையா?"

"எந்த வீட்டுக்காரங்க? எல்லா வீட்டையும் சுற்றுலாக்காரங்களுக்கு வாடகைக்கு விட்டுட்டுப் போயாச்சு. அவங்க கடற்கரையில கிடக்கறாங்க. மிச்சம் நீயும் நானும்தான். எனக்குக் கை இப்படி."

"எனக்குக் கதை இருக்கு."

"ஊத்தலைன்னா அடுத்த வருஷம் வரமாட்டாங்கடா. பொறந்ததிலேர்ந்து இந்தக் கம்பியைப் புடிச்சுக்கிட்டுதான் அவங்களைப் பார்த்திருக்கேன்."

"வராட்டி நல்லதுதானே."

ஹசிந்தா கோபித்துக்கொள்ளவில்லை. பல்லைத் தட்டிப் பார்க்கிறவள் போலக் கம்பியை ஒருமுறை தட்டினாள்.

"அப்புறம் எதுக்குடா ஜன்னலைச் சாத்துவே?"

4

அந்தக் கேள்வி ஆசிரியனுக்குப் பிடிக்கவில்லை. எனவே கதையில் சேர்க்கப்படாது. (சேர்ந்துவிட்டது. அடித்து நீக்குவதற்குள் நீங்கள் படித்துவிட்டீர்கள்.)

முடிவு அ: தண்ணீர் விழவில்லை. வாத்தியம் போய்விடுகிறது. சதுக்கம் முழுக்க அமைதி. கார்ல் ஜன்னலைச் சாத்தப் போகிறான். எதற்கென்று தெரியாமல் கொக்கியைப் பிடித்தபடி நிற்கிறான்...

இது வேண்டாம்.

முடிவு ஆ: கார்ல் ஆடுகிறான். மாட்டான் என்று ஒருமுறை சொன்னால் போதாதா?

5

வந்துவிட்டார்கள். பூட்டிய பால்கனிகளை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்து, அவன் பால்கனிக்கடியில் நின்றார்கள். பெரிய மேளம் அடிக்கும் ரொட்டிக் கடைக்காரர் ஃபெர்மின் குரல் கொடுத்தார்.

"ஏய் ஹாலந்து, தண்ணி இருக்கா? இல்ல, உங்க ஊர்ல கடலுக்கு அணை கட்டின மாதிரி குழாய்க்கும் கட்டிட்டியா?"

கீழே சிரிப்பு. ஹசிந்தா மட்டும் சிரிக்கவில்லை. மாவுக்கட்டைக் கம்பிமேல் வைத்துக்கொண்டு கீழேயே பார்த்திருந்தாள்.

ஆசிரியன் 'கார்ல் ஜன்னலை' என்று எழுதினான். வினைச்சொல் வரவில்லை. எழுந்து போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்தான்.

கார்ல் ஆடமாட்டான். அதில் மாற்றமில்லை. ஆட வைத்தே ஆகவேண்டுமென்றால் வாசகரே வைத்துக்கொள்ளட்டும். ஆசிரியனுக்கு இப்போது இரண்டு கையிலும் வேலை.