மாடியம்மா கேட்டது

மகளை மாடி வீட்டில் விட்டுவிட்டு இறங்கும்போதெல்லாம் அவள் பாதிப் படியில் நின்று காதைத் தீட்டிக்கொள்வாள். அழுகைச் சத்தம் கேட்டால் ஓடிப்போய்த் தூக்கிக்கொள்ளலாம். ஒரு சத்தமும் கேட்காததுதான் எங்கேயோ உதைத்தது. வீட்டில் நொடிக்கொரு தரம் சிணுங்குகிற பிள்ளை அங்கே மட்டும் எப்படி வாயை மூடிக்கொண்டிருக்கிறது?

போன மாதம்வரை அவள் வீட்டிலிருந்தபடியே சட்டைகளுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். கம்பெனி வேன் மூட்டையை இறக்கிவிட்டுப் போகும். தைத்த சட்டையில் தொங்குகிற நூலையெல்லாம் கத்தரித்து மடித்து வைக்கவேண்டும். பிள்ளை காலைக் கட்டிக்கொண்டு நிற்க, கத்தரிக்கோல் அதன் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொண்டு செய்கிற வேலை. வருவது கைக்கும் வாய்க்கும் இழுபறியாக இருந்தது. வேலை தேடிப் போன கணவன் போன இடத்திலேயே வேறு குடும்பத்தைத் தேடிக்கொண்டான். அதே கம்பெனிக்குள் உட்கார்ந்து மிஷின் ஓட்டினால் மாதச் சம்பளம் உண்டு. ஆனால் பிள்ளையை உள்ளே விடமாட்டார்கள்.

இது எப்படியோ மாடியம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரி கேன்டீனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், தனிக்கட்டை. ஒருநாள் தானாக இறங்கி வந்து வாசலில் நின்றாள்.

"புள்ளைய என்கிட்ட விடு. நீ உள்ள வேலைக்குப் போ."

"என்ன தரணும்?"

"ஒண்ணும் வேணாம். எனக்குப் பொழுது கெடக்கு, உனக்கு இல்ல. அவ்வளவுதான்."

அவள் இதைத் தன் அண்ணனிடம் சொன்னாள். அவன் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன். எந்த மூட்டையையும் தட்டிப் பார்க்காமல் தோளில் வைக்கமாட்டான்.

"சும்மா எவ செய்வா? ஆள் பிடிச்சுக் குடுத்தா கம்பெனிக்காரன் கமிஷன் குடுப்பானா இருக்கும். இல்லேன்னா..."

அந்த 'இல்லேன்னா'வை அவன் முடிக்கவில்லை. அது அவள் தொண்டையில் மீன் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. ஆனாலும் வேலைக்குப் போனாள். அரிசிப் பானை அவள் சந்தேகம் தீரும்வரை காத்திருக்காது.

மாலையில் பிள்ளையைத் தூக்கியதும் தலையை முகர்ந்து பார்ப்பாள். கை கால்களைத் திருப்பிப் பார்ப்பாள். என்ன சாப்பிட்டாய், யார் வந்தார்கள் என்று போலீஸ்காரன் மாதிரித் துருவுவாள். பிள்ளை புதிதாக ஒரு பாட்டுப் பாடினால்கூட, மாடியம்மாவுக்கு எதற்கு இந்த அக்கறை என்று தோன்றும்.

ஒருநாள் சோற்றைப் பிசைந்து ஊட்டும்போது பிள்ளை சொன்னது: "மாடியம்மா என்னையப் போட்டோ புடிச்சாங்க."

ஊட்டப்போன உருண்டையை அவள் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

மறுநாள் மதியம் சூப்பர்வைசரிடம் வயிற்று வலி என்று பொய் சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். படியேறும்போதே மேல்மூச்சு வாங்கியது. மாடியம்மா கதவைத் திறந்தாள். உள்ளே அவள் மகளும், பிந்தி வந்து சேரும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலரும் தட்டைச் சுற்றிச் சோற்றைச் சிதறியபடி உட்கார்ந்திருந்தார்கள். "அம்மா, அதுக்குள்ள ஏன் வந்த?" என்று மகள் முகத்தைச் சுளித்தாள்.

"என் புள்ளைய எதுக்குப் போட்டோ புடிச்சீங்க?"

மாடியம்மா கோபப்படவில்லை. போனை எடுத்துக் கையில் கொடுத்தாள். பிள்ளையின் முதுகு, அதில் சிவந்த தடிப்புகள். "எறும்பு கடிச்சிருந்துச்சு. மருந்துக்கடைக்காரருக்குப் போன்ல அனுப்பிக் காட்டத்தான். இவங்கள விட்டுட்டு நான் எப்படிக் கூட்டிட்டுப் போறது? நேத்தே உன்கிட்ட சொல்லியிருக்கணும், தப்புதான்."

அவள் அந்தப் போனில் மற்றப் படங்களையும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் பார்த்தாள். கேஸ் சிலிண்டர், ஒரு பூனை, மாத்திரை அட்டை. வேறொன்றும் இல்லை. மாடியம்மா அவசரப்படுத்தாமல் நின்றாள்.

போனைத் திருப்பிக் கொடுத்தபோது மாடியம்மா சொன்னாள்: "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்."

வந்துவிட்டாள் விஷயத்துக்கு என்று நினைத்தாள். ஒருவகையில் நிம்மதியாகக்கூட இருந்தது.

"பின்தெருவுல வீடு துடைக்கிற பொண்ணு ஒருத்தி. கைக்குழந்தைக்காரி. ஞாயித்துக்கிழமையிலயும் வரச் சொல்றாங்களாம். அன்னிக்கு உனக்கு லீவுதானே, அந்தப் புள்ளைய நீ பாத்துக்கிறியா?"

"இதுல உங்களுக்கு என்ன லாபம்?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் காலை நீட்டித் தூங்குவேன். அது லாபமில்லையா?"

அண்ணன் கேட்டுவிட்டுச் சிரித்தான். "பாத்தியா, உன்னையும் வேலைக்காரி ஆக்கிட்டா." அவளுக்கும் அப்படித்தான் பட்டது. முடியாது என்று சொல்லத்தான் படியேறினாள். என்னவோ, சரி என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

ஞாயிறு காலை அந்தப் பெண் அவள் வீட்டுக்கு வந்தாள். இன்னும் சின்னவள். குழந்தையைக் கொடுக்கக் கை நீட்டினாள், ஆனால் விடவில்லை. அறையைச் சுவர் சுவராகப் பார்த்தாள்.

"உங்களுக்கு என்னக்கா தரணும்?"

"ஒண்ணும் வேணாம்."

"அப்ப எதுக்குக்கா பாத்துக்கிறீங்க?"

அவள் வாயைத் திறந்தாள். எதை எதையோ சொல்ல நினைத்து, "சும்மாதான்" என்றாள். அது அவள் காதுக்கே பொய் மாதிரிக் கேட்டது.

அந்தப் பெண் போனதும் குழந்தை வீறிட்டது. தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே ஜன்னலுக்கு வந்தாள். எதிரே பஸ் வந்து நின்றது, ஏறினவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. பஸ் விலகியபோது அந்தப் பெண் பஸ் நிறுத்தத்திலேயே நின்றுகொண்டிருந்தாள், கண்ணுக்கு மேல் கையை வைத்து ஜன்னலைப் பார்த்தபடி. இவள் குழந்தையின் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பி, இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.