குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஒரு காவல் நாய்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகப் பிறந்ததில்லை. ஒரு வார இதழின் இணைப்புக்குக் கட்டுரை கேட்டார்கள். உதவி ஆசிரியர் தனசேகரன் போன் செய்து, "சார், உங்க கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்துல மலை மேல நல்ல நாய்க்குட்டி கிடைக்குமாமே? குழந்தைங்க இருக்கிற வீட்டுக்கு எந்தக் காவல் நாய் ஏத்ததுன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார். நான் நாய் வளர்த்தவனில்லை. நாயைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் ஏறி நடக்கிறவன். ஆனாலும் எழுத்தாளன் என்று பெயர் வாங்கியவனுக்கு 'எனக்கு இது தெரியாது' என்று சொல்ல வாய் வருமா? வராது. சரி என்றேன்.

இப்படி ஆரம்பித்தேன்: "லாப்ரடார் குழந்தைகளிடம் மிகப் பிரியமாக இருக்கும். திருடனிடமும் அதே பிரியம்தான். ஜெர்மன் ஷெப்பர்டு புத்திசாலி. ஆனால் நம் ஊர் சித்திரை வெயிலில் அதற்கு மூச்சு வாங்கவே நேரம் சரியாக இருக்கும். ராட்வீலரைப் பொறுத்தவரை, வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால்..."

அங்கேயே விட்டுவிட்டேன். எனக்கே தூக்கம் வந்தது. நாய்களின் பட்டியலை யார் உட்கார்ந்து படிப்பார்கள்? கொஞ்சம் உயிர் வரட்டும் என்று நாய் வாங்கப் போகிற ஒரு ஆளைக் கட்டுரைக்குள் கொண்டுவந்தேன். பெயர் பிலவேந்திரன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

2

"பிலவேந்திரன் ஒரு நல்ல தகப்பன்." (அடித்துவிட்டேன். இப்படிச் சொன்னாலே வாசகர்கள் சந்தேகப்படுவார்கள்.)

"கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவில், பூச்சு வாசனை இன்னும் போகாத அந்த வீட்டில்..." (இதுவும் வேண்டாம். வர்ணனை.)

நேராகச் சொல்கிறேன். பிலவேந்திரனுக்குப் போர்வெல் லாரியில் வேலை. சத்தீஸ்கர் பக்கம் போனால் திரும்ப மாதக்கணக்காகும். மனைவி ரீத்தா கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் ராத்திரி. ஒரே மகள் அனிட்டா, மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டைச் சுற்றிக் கரும்பு ஆளுயரத்துக்கு நிற்கிறது. அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டுமென்றால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். லாரியில் படுத்திருக்கும்போதெல்லாம் பிலவேந்திரனுக்கு அந்தக் கரும்புதான் கண்ணுக்குள் வரும். அதற்குள்ளிருந்து எவனாவது வந்துவிட்டால்? அதனால்தான் நாய்.

அந்த மனிதர் நாய்க்காகப் பட்ட பாட்டைப் பார்த்தால் எனக்கே மலைப்பாக இருந்தது. செல்போனில் பார்க்காத வீடியோ இல்லை. கால்நடை டாக்டர் கலையரசியிடம் போய் உட்கார்ந்துகொண்டு கேட்ட கேள்விகள்! சோறு தின்னும்போது குழந்தை வாலை இழுத்தால் கடிக்குமா? தூக்கத்தில் மிதித்துவிட்டால்? கூடப் படிக்கிற பிள்ளைகள் விளையாட வந்தால்?

"மாப்ள பாக்கப் போறவங்ககூட இவ்ளோ கேக்கமாட்டாங்கங்க" என்று டாக்டர் சிரித்தார். "கோம்பை எடுங்க. நம்ம ஊரு நாய், நோய் நொடி கம்மி. வெளியாளக் கிட்ட வுடாது. குட்டியிலேர்ந்து கொழந்தையோட வளர்ந்தா அதோட காலடியிலயே படுத்துக்கும்."

முடிவாயிற்று. ஆனால் இவன் லாரியில் போய்விட்டால், ரீத்தாவும் ஷிப்டுக்குப் போய்விட்டால், குட்டிக்குச் சோறு வைப்பது யார்?

(இந்த இடத்தில் எனக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. கதை எழுதுகிறவர்களுக்கு இது அன்றாடப் பிரச்சினை. கையருகே யார் இருக்கிறார்களோ அவர்களைப் போட்டு ஓட்டையை அடைப்போம். பிலவேந்திரனுக்கு ஒரு தம்பியைப் போட்டேன். பிரிட்டோ. பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை. கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுக் குழுவில் பாடுகிறவன். ரீத்தா ஷிப்டுக்குப் போனால் அண்ணன் மகளுக்குத் துணையாக வந்து இருப்பான். மாற்றுச் சாவியை அவனிடம் கொடுத்தேன். அவனைப் பற்றி யோசிக்க ஒரு டீ குடிக்கிற நேரம்கூட நான் எடுத்துக்கொள்ளவில்லை. பிலவேந்திரனும்தான். நாயைப் பற்றி அத்தனை கேள்வி கேட்ட மனிதன், சாவியைக் கொடுக்கும்போது "பத்திரமா வெச்சிக்கடா" என்றதோடு சரி.)

3

கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் பக்கத்தில் சின்னக்கண்ணு என்பவர் வீட்டில் குட்டி போட்டிருப்பதாகத் தகவல். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிலவேந்திரன், அனிட்டா, பிரிட்டோ மூன்று பேரும் ஒரே பைக்கில் கிளம்பினார்கள்.

"நடுவுல குந்து கண்ணு" என்றான் பிலவேந்திரன்.

"நான் முன்னாடி குந்திக்கிறேன்" என்றாள் அனிட்டா.

"முன்னாடி குந்தினா நான் எப்பிடி ஓட்டறது? மலை ரோடு, வளைவு ஜாஸ்தி. நடுவுல குந்து, சித்தப்பா பிடிச்சிக்குவான்."

"வாணாம்."

"இன்னா புள்ளடி நீ! நாய் வாங்கப் போறப்பவே இந்த அடமா?"

"வுடுண்ணா, காத்து வாங்கணும்னு ஆசப்படுது" என்று பிரிட்டோ சிரித்தான்.

அனிட்டா பெட்ரோல் டேங்க் மேல் ஏறி, அப்பாவின் முகத்தை மறைக்காமலிருக்க மலை ஏறி முடிக்கிற வரைக்கும் தலையைக் குனிந்தபடியே வந்தாள். இறங்கும்போது கழுத்தைத் திருப்ப முடியவில்லை. "சொன்னா கேட்டாத்தானே?" என்று பிலவேந்திரன் கழுத்தை நீவிவிட்டான்.

(இதைச் சும்மா சுவைக்காக எழுதினேன். குழந்தை அடம் பிடித்தால் வாசகர்களுக்குப் பிடிக்கும்.)

சின்னக்கண்ணுவின் வீடு மரவள்ளிக் காட்டை ஒட்டி இருந்தது. பிரிட்டோ பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்ததும் குட்டிகள் உருண்டு புரண்டு ஓடிவந்தன. ஒன்று அவன் மடியிலேயே ஏறி விரலைச் சப்பியது. செம்பழுப்பு நிறம், கறுத்த மூஞ்சி, சொன்னால் சொன்னபடி கேட்கும் போலிருந்த முகம். ஒரே ஒரு குட்டி மட்டும் கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் நின்றுகொண்டு எல்லாரையும் பார்த்து உறுமியது. பிலவேந்திரனைப் பார்த்து உறுமியது, பிஸ்கட்டோடு நீண்ட பிரிட்டோவின் கையைப் பார்த்துக் குரைத்தே விட்டது.

அனிட்டா தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதான் வேணும்ப்பா."

"அது வாணாம்மா. இப்பவே இந்தக் குரை குரைக்குது. கொழந்தை இருக்கிற வூட்டுக்குச் சாந்தமானதாத்தான் எடுக்கணும்."

"ஆமாங்க, அது யாரையும் கிட்ட சேத்தாது. மலையில காட்டுக் காவலுக்குத்தான் ஆவும்" என்றார் சின்னக்கண்ணு.

பிலவேந்திரன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. என் கட்டுரையிலும் அதையேதான் எழுதி வைத்திருந்தேன். பிரிட்டோவின் மடியில் கிடந்த குட்டியை அவன் தூக்கி மகளிடம் நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. "இது சித்தப்பா வந்தா குரைக்குமா?" என்று கேட்டாள்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

"சோறு வைக்கப் போறதே உன் சித்தப்பாதானே? அவரப் பாத்து ஏங்கண்ணு குரைக்கப் போவுது? வாலத்தான் ஆட்டும்" என்றார் சின்னக்கண்ணு.

"அப்ப வாணாம்" என்றாள் அனிட்டா.

4

இதோடு நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டேன். நகைச்சுவையாக ஒரு வரி விழுந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

மறுநாள் காலையில் திருத்துவதற்காக எடுத்துப் படித்தேன். அந்தக் கேள்வி வந்த இடத்தில் பேனா நின்றது. அடப்பாவி, இதை நான்தானா எழுதினேன்?

முன்னால் போய் மறுபடி படித்தேன். பைக் இருந்தது. நடுவில் உட்கார மாட்டேன் என்று அவள் சொன்னதும் இருந்தது. கழுத்து வலிக்க வலிக்க மலையேறினது இருந்தது. சாவியும் இருந்தது. எல்லாவற்றையும் என் கையால் எழுதிவிட்டு, எதையும் பார்க்காமல் தாண்டிப் போயிருக்கிறேன்.

சுற்றி வளைக்க விருப்பமில்லை. ரீத்தா ஷிப்டுக்குப் போகிற நாட்களில் பிரிட்டோ அந்தக் குழந்தையிடம் தப்பாக நடந்துகொள்கிறான். எத்தனை நாளாக என்று எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தை நான் எழுதப் போவதும் இல்லை. அனிட்டாவுக்கு வீட்டில் அதைச் சொல்லத் தெரியவில்லை. மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் அதற்கு வார்த்தை கிடையாது. அதனால், தனக்காகக் குரைக்கிற ஒரு நாய் வேண்டும் என்று கேட்கிறாள். அதைக் கேட்டுத்தான் நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இந்தக் கட்டுரைக்காக நாய் இனங்களைப் பற்றி நிறையப் படித்தேன். புதிய ஆட்களிடம் இந்த நாய் எப்படி இருக்கும் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறார்கள். தெரிந்த ஆட்களிடம் எப்படி இருக்கும் என்று ஓர் இடத்திலும் இல்லை. யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.)

5

முதலில் பிரிட்டோவைத் தூக்கிவிட்டேன். என் கதை, என் பேனா, யார் கேட்பது? அவன் வரும் வரிகளை எல்லாம் வரிசையாக அடித்துக்கொண்டே போனேன். பைக்கில் இரண்டு பேர்தான் போனார்கள். அனிட்டா பின்னால் உட்கார்ந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். சுகமாகத்தான் இருந்தது. அடித்து முடித்த பிறகுதான் உறைத்தது: குடும்பங்களில் செய்வதும் இதைத்தானே? அப்படி ஒன்றும் நடக்கவில்லை, பிள்ளை ஏதோ உளறுகிறது, வெளியே சொல்லாதே என்று அடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது. திரும்ப எழுதினேன். ஒவ்வொரு வரியையும் அதே இடத்தில் வைத்தேன்.

அடுத்து நாயைப் பிடித்தேன். குட்டி வளர்கிறது. ஒரு நாள் பிரிட்டோ கதவைத் திறக்கும்போது பாய்ந்து அவன் கையைக் கவ்வி...

நடக்காது. படிக்கிறவர்கள் கைதட்டுவார்கள், ஆனால் நடக்காது. தினமும் சோறு வைக்கிற கை அது. கோம்பை அந்தக் கையை நக்கும்.

அந்த நேரம் பார்த்துத் தனசேகரன் போன் செய்தார்.

"சார், நாய் என்ன ஆச்சு?"

சொன்னேன்.

"சார், நம்மது குடும்பப் பத்திரிகை. சித்தப்பா வேணாமே. பக்கத்து வீட்டுக்காரன்னு போட்டுடுங்க. இல்லைன்னா கரும்பு வெட்ட வந்த எவனாவதுன்னு வைங்க. நாய் பிடிச்சிடுச்சுன்னு முடிச்சிடலாம். கட்டுரைக்கும் பொருத்தமா இருக்கும்."

"குழந்தை சித்தப்பான்னுதானேங்க கேட்டுச்சு?"

"குழந்தை எங்க சார் கேட்டுச்சு? நீங்க எழுதினதுதானே?"

போனை வைத்துவிட்டேன். கோபம்தான். ஆனால் அவர் கேட்டதில் தப்பில்லை, நான் எழுதியதுதான். நான் எழுதாத பிள்ளைகள் கேட்பதை யார் காதில் வாங்குகிறார்கள் என்று அவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

ரீத்தா கண்டுபிடிப்பதாகவும் எழுதிப் பார்த்தேன். நர்ஸ் ஆயிற்றே, குழந்தையைக் குளிக்க வைக்கும்போது ஏதோ... நாலு வரி எழுதியதும் கிழித்தேன். அதைத் தாய் கண்ணால் பார்த்த பிறகுதான் இந்தக் கொடுமை நிற்க வேண்டுமா? அதற்கு முன்னாலேயே யாராவது காதால் கேட்டால் ஆகாதா?

6

அதனால் பிலவேந்திரனிடமே திரும்பி வந்திருக்கிறேன். காலை நேரம். போர்வெல் லாரி வீட்டுக்கு எதிரே ரோட்டோரம் நிற்கிறது. எஞ்சின் ஓடுகிறது, அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த ரீத்தா உள்ளே சாப்பாடு கட்டிக்கொண்டிருக்கிறாள். கேட்டருகில் பிரிட்டோ நிற்கிறான். மலையிலிருந்து கொண்டுவந்த அந்தச் சாந்தமான குட்டி அவன் செருப்பைக் கடித்து விளையாடுகிறது.

பிலவேந்திரனுக்கு மனசு நிறைந்திருக்கிறது. வீட்டுக்குக் காவல் வந்தாயிற்று. இந்தத் தடவை கரும்பு கண்ணுக்குள் வராமல் நிம்மதியாகத் தூங்கலாம். லாரியின் படியில் ஒரு காலை வைத்துவிட்டான்.

அனிட்டா ஓடிவந்து அவன் சட்டையைப் பிடிக்கிறாள். ஏதோ சொல்கிறாள்.

"இன்னாம்மா? கேக்கல!"

அவள் கேட் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடி சொல்கிறாள். அவன் காதுக்கு எஞ்சின் மட்டும்தான் கேட்கிறது.

"இன்னாடா கண்ணு, பொம்மையா? வாங்கியாறேன்!"

லாரிக்குள்ளிருந்து ஹாரன் அடிக்கிறார்கள். "லேட்டாவுது பாருண்ணா! நீ போ, நான் பாத்துக்கறேன்!" என்று பிரிட்டோ கேட்டிலிருந்து கத்துகிறான்.

இதற்கு அடுத்த வரியை நான் எழுத மாட்டேன். எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பிலவேந்திரனை உண்டாக்கியவன் நான். கெட்டவன் இல்லை, மகள் மேல் உயிரையே வைத்திருப்பவன். ஆனால் அவன் பயமெல்லாம் கரும்புப் பக்கம் திரும்பி நிற்கிறது. என் கையில் விட்டால் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு லாரியில் ஏறிவிடுவான்.

நீங்கள் எழுதுங்கள். படித்துவிட்டீர்கள், இனிமேல் தெரியாது என்று சொல்ல உங்களுக்கும் வழியில்லை. முதலில் அந்த எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். காலைப் படியிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். அவனை அவள் உயரத்துக்குக் குனிய வையுங்கள். சீக்கிரம். அவள் சட்டையை விடுகிறாள். மூன்றாம் தடவை சொல்ல மாட்டாள்.